சீமாட்டியின் காகிதப் பொட்டலங்கள்

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணி அடித்து ஐந்து நிமிடம் இருக்கும். சீமாட்டியின் வலது காதுக்குப் பின்னால் சீப்பு தட்டி நின்றது.

சிக்கு என்றுதான் பெரியவர் நினைத்தார். நீள முடிக்காரியான அந்தக் குட்டை நாய்க்கு எங்கெங்கே சிக்கு விழும் என்பது அவருக்கு அத்துப்படி. காதுக்குப் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டை உரசும் இடம். சிக்கைக் கண்டால் இழுக்கக்கூடாது. சோளமாவைத் தூவி, நுனியிலிருந்து விரலால் பிரித்துப் பிரித்து வேருக்கு வரவேண்டும். அப்படிப் பிரிப்பதற்காக விரலை விட்டவருக்கு முடி அகப்படவில்லை. காகிதம் அகப்பட்டது.

மெல்லிய வெள்ளைக் காகிதம். ஒரு கற்றை முடியை நடுவில் வைத்து நீளவாக்கில் மூன்றாக மடித்து, கீழிருந்து மேலாகச் சுருட்டி, சின்ன ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கியிருந்தது. விரல் கணு அளவுக்கு ஒரு பொட்டலம். அதை அவ்வளவு கச்சிதமாகக் கட்டத் தெரிந்தவள் அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

பெரியவர் சீப்பை மேசைமேல் வைத்தார்.

நூற்பாலையில் முப்பத்தாறு வருடம் தர ஆய்வு அதிகாரியாக இருந்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழையை விரலிடுக்கில் உருட்டினாலே இது எந்த ரகம், எதனோடு கலந்தது என்று சொல்லிவிடுவார். ஒரு மூட்டைப் பஞ்சில் ஒரே ஓர் அயல் இழை கிடந்தாலும் அந்த மூட்டை திரும்பிப் போகும். தொழிலாளர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். பொத்தான் அறுந்த சட்டையோடு அந்த வீட்டிலிருந்து யாரும் தெருவில் இறங்கியதில்லை. உரத்த குரல் வாசலைத் தாண்டியதில்லை. மனைவி போன பிறகு, "நாய் முடியை ஒட்ட வெட்டி விட்டுடுங்க, உங்களுக்கு எதுக்கு இந்த அவஸ்தை" என்று உறவினர்கள் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. "அவ இருந்தப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருக்கும்" என்றார். கேட்டவர்கள் நெகிழ்ந்து போனார்கள். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குப் பின்னறையில் சீமாட்டியை மேசைமேல் ஏற்றி வாரிவிடுவார். வாருவது மட்டும்தான். பொட்டலம் கட்டுவது அவள் வேலையாக இருந்தது. தரையைத் தொடும் முடி உடையாமல் இருக்கக் கற்றை கற்றையாகப் பிரித்துக் காகிதத்தில் கட்டுவாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து வாரி மறுபடி கட்ட வேண்டும். எதை எப்போது கட்டினோம் என்று மறக்காமலிருக்கக் காகிதத்தின் உட்புறத்தில் பென்சிலால் நேரத்தைக் குறித்து வைப்பாள். பொட்டலங்கள் தொங்கச் சீமாட்டி கூடத்துக்கு வரும்போதெல்லாம், "கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் பொறுமையா உட்காராதும்மா" என்று மகன் கேலி செய்வான்.

பெரியவர் ரப்பரை நறுக்கினார். காகிதத்தைப் பிரித்தார். உட்புறம், சாய்வான சின்ன எழுத்தில், பென்சிலால்:

நாலேகால்.

அவ்வளவுதான் இருந்தது. சுவர்க் கடிகாரம் நாலு பத்து காட்டியது.

எட்டு மாதத்துக்கு முன் கட்டியதில் ஒன்று தப்பிக் கிடந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. இருநூற்று நாற்பது நாளாகத் தினமும் தோல்வரைக்கும் சீப்பு விட்டவர் அவர். பஞ்சு மூட்டையில் ஓர் இழையைக் கண்டுபிடித்தவருக்கு, நாலு கிலோ நாயின் காதுக்குப் பின்னால் ஒரு காகிதம் தெரியாமல் போகுமா? காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். பழைய வாடை இல்லை. ஈரமுடியின் மணமும் அவள் கையில் எப்போதும் இருக்கும் சோப்பு மணமும் இருந்தன.

சமையலம்மாவைக் கூப்பிட்டார்.

"சீமாட்டிய நீ தொட்டியா?"

"நானா? எனக்கு அடுப்பப் பாக்கவே நேரம் பத்தல ஐயா. நாய்க்குச் சடை போட்டு அழகு பாக்க நேரம் எங்க இருக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்."

"தொடல. தொடவும் மாட்டேன். அது என்னை மனுஷியாவே மதிக்காது." அவள் மேசைமேல் நிற்கும் நாயைப் பார்த்தாள். "இன்னிக்கு என்னமோ ரொம்ப சமத்தா நிக்குதே. உங்ககிட்ட இப்படி நிக்காதே."

பெரியவரும் அப்போதுதான் கவனித்தார். அவர் வாரும்போது சீமாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு சகித்து நிற்கும் ரகம். இன்று முகவாயைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, யாரோ தாடையைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் நின்றிருந்தது.

புதன்கிழமை மூன்று பொட்டலங்கள் இருந்தன. இரண்டு வயிற்றோரம், ஒன்று கழுத்தடியில். காலையில் கையால் தடவிப் பார்த்தபோது ஒன்றுமில்லை. இரவும் பகலும் நாய் அவர் அறையிலேயே இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

நாலு இருபது. கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. சமையலம்மா கைமறதியாய்ப் போட்டிருப்பாள்.

நாலரை. கூப்பிட்டேன். யாருமில்லை.

நாலு நாற்பது. சமையலம்மாவுக்கு இன்று நீங்கள் விடுமுறை கொடுத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் எழுந்து போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினார். பிறகு, சாத்திய கதவோடு அந்த அறையில் தனியாக இருக்கிறோம் என்பது உறைக்கவே மறுபடி திறந்துவிட்டார்.

மூன்று காகிதங்களையும் தீக்குச்சி வைத்துக் கொளுத்தினார். எரிகிற பொருளின் புகையை வைத்தே அது என்னவென்று சொல்வது அவர் தொழில். வெறும் காகிதம் எரிந்தால் ஒரு வாடை உண்டு. இதில் முடி எரியும் வாடை வந்தது. நாயின் முடி அல்ல. அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் அந்த நாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரியவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே கூட ஒழுங்காகச் சொல்லிக்கொண்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஆலையில் அவருக்குப் பாராட்டு விழா. நாலரைக்கு ஆரம்பம். மூன்றரை மணிக்கு அவள் பின்னறையில் சீமாட்டிக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள், தான் விழாவுக்கு வரப்போவதில்லை என்று. மகளுக்கு இன்று பிரசவமாம். மருத்துவமனைக்குப் போகவேண்டுமாம்.

மகள் என்ற சொல் அந்த வீட்டில் பதினோரு வருடமாகப் புழங்காத சொல். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் படியிறங்கிய அன்றே பெரியவர் அவளைத் தலைமுழுகிவிட்டார். கேட்டவர்களிடம் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று சொன்னார். கேட்காதவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"அவ நமக்குச் செத்துப் போனவ" என்றார்.

"உங்களுக்குத்தான். எனக்கு இல்ல. மாசாமாசம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எத்தனை மாசமா?"

"பதினோரு வருஷமா" என்றாள் அவள். சொல்லிவிட்டு ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுப் போட்டாள்.

அவருக்கு மகள் போனது பெரிதாகத் தெரியவில்லை. பதினோரு வருடமாகத் தன் எதிரே உட்கார்ந்து சோறு போட்டவள், ஒரு மூட்டை முழுக்க அயல் இழையாக இருந்திருக்கிறாள், பூதக்கண்ணாடிக்குத் தெரியவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. அன்று ஊரே பார்க்கக் கேடயம் வாங்கப் போகிற மனிதரின் மனைவி மருத்துவமனை வராந்தாவில் அந்தக் கூட்டத்தோடு நிற்பதா? நாலு மணிக்கு அவர் வெளியே வந்து, பின்னறைத் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டார். மூன்று மணி நேரம். புத்தி வரட்டும். அவ்வளவுதான் நினைத்தார்.

வியாழக்கிழமை காலை மகன் போன் செய்தான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். சீமாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"உங்களால எவ்வளவு நாளுக்கு முடியும்? எழுபத்தொண்ணு ஆச்சு. அதுவும் இல்லாம..." அவன் தயங்கினான். "நான் தனியா வரலப்பா. அக்காவும் வருது. அம்மாவோட நாய அக்காதான் வளக்கணும்னு அம்மாவே சொல்லியிருக்காங்க."

"யார் அக்கா?"

"போதும்ப்பா. உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும். மாசாமாசம் அம்மாவ நான்தான் கார்ல கூட்டிட்டுப் போவேன். பலகாரம் கட்டிக் கொடுத்தது சமையலம்மா. இந்த எட்டு மாசமும் அக்கா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். கடைசியா அம்மா ஏன் வரலன்னு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு."

பெரியவர் போனை வைத்தார். வைத்த கை போன்மேலேயே இருந்தது. மனைவி, மகன், அடுப்படியில் நின்று சாம்பார்க் கரண்டியைக் கழுவுகிற அந்தப் பெண்பிள்ளை. தன் உப்பைத் தின்றவர்கள் எல்லாரும் ஒன்றுகூடித் தன் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள். தன்னைச் சுற்றி ஒரு நாடகம் போட்டு, தன்னைமட்டும் பார்வையாளனாக உட்கார வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தது அந்த நாய் ஒன்றுதான். எட்டு மாதமாக அதன் கண் பீளையைப் பஞ்சால் துடைத்து, பாதத்து முடியை நறுக்கி, ஒரு தாய் செய்வதுபோல் செய்திருக்கிறார்.

சீமாட்டி காலடியில் படுத்திருந்தது. அதன் முதுகில், நடுவகிட்டின் இருபுறமும், நாலு மணிக்கு முன்பே, பொட்டலங்கள்.

ஏழு. எண்ணினார். ஒன்றின் ஓரம் கருகியிருந்தது. நேற்று கொளுத்தியது.

மீதி ஆறையும் பிரித்துப் படித்தார்.

ஐந்து. இடது கை வலிக்கிறது.

ஐந்தேகால். தண்ணீர்க் குழாயைத் திறந்து குடித்தேன். தட்டிப் பார்த்தேன். நீங்கள்தான் தாழ்ப்பாள் போட்டீர்கள். இல்லையா?

ஐந்தரை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஐந்து நாற்பது. இங்கே வேறு காகிதம் இல்லை. சீமாட்டியின் காகிதத்தில் எழுதுகிறேன். யாராவது அவிழ்ப்பார்கள்.

ஐந்து ஐம்பது. பயப்படுகிறது. வாரிவிட்டால் அமைதியாகிறது.

ஆறு. குழந்தை பிறந்திருக்கும்.

அன்று அவர் இவற்றைப் படிக்கவில்லை. இறந்து கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பத்திரண்டு பொட்டலங்களையும் அவிழ்த்து, பென்சில் எழுத்து தெரிகிறது என்றவுடனேயே ஒன்றையும் வாசிக்காமல் கழுவும் தொட்டியில் போட்டுக் கொளுத்தினார். சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். நாய் முடியை விரித்து வாரிவிட்டார். அதன் பிறகுதான் மருத்துவருக்குச் சொல்லியனுப்பினார். மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றார். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். அது பொய்யும் இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது.

அறையில் இருந்த ஒரே சாட்சி நாலு கால் சாட்சி. அதற்குப் பேச வராது என்று அன்று ஓர் ஆறுதல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் நாயைத் தொடவில்லை. தொடாமலிருந்தும் பார்த்தார். கண்ணெதிரே, பட்டப்பகலில், நாற்காலியில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. செய்தித்தாளின் ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது பதினாறு இருந்தன. வாலிலும் இருந்தன. காகிதங்கள் ஒன்றோடொன்று உரசும் சரசர ஓசையோடு சீமாட்டி எழுந்து, அவரைக் கடந்து, பின்னறை வாசலில் போய் உட்கார்ந்தது. மேசையில் ஏற்றச் சொல்லித் தலையைத் திருப்பியது. அவரைப் பார்த்து அல்ல. அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் மேலே.

படிக்கக்கூடாது என்று நினைத்தார். படித்தார்.

ஆறரை. கார் வந்து நின்றது. உங்கள் குரல். கடவுளே, வந்துவிட்டீர்கள்.

ஆறு முப்பத்தைந்து. தட்டுகிறேன். கேட்கிறதா?

ஆறு நாற்பது. யாரோ உங்களைக் கேட்கிறார்கள், உள்ளே தட்டுகிற சத்தம் என்ன என்று.

ஆறு நாற்பத்தொன்று. தச்சு வேலை நடக்கிறது என்கிறீர்கள். சிரிக்கிறீர்கள்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அன்று கேடயத்தையும் பூங்கொத்தையும் தூக்கிக்கொண்டு ஆலை நிர்வாகியும் இன்னும் நாலு பேரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் எதிரில் போய்ப் பூட்டிய கதவைத் திறந்து, தலைகலைந்து அழுகிற மனைவியை வெளியே விடுவதா? கால்மணி நேரத்தில் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தார். அவர்கள் ஏழேகால்வரை இருந்தார்கள். தட்டும் ஓசை அதற்கு முன்பே நின்றுவிட்டது. நின்றபோது அவருக்கு ஏற்பட்டது நிம்மதி. அதை இப்போதும் மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சமையலம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"என்ன?"

"உங்க மக, பாப்பா, நாளைக்கு வருதுன்னுதான நாய்க்கு இப்படிக் கட்டி விட்டிருக்கீங்க? அம்மா கட்டின மாதிரியே இருக்கு. அச்சு அசல். இத்தனை நாளா உங்களக் கல்நெஞ்சுக்காரர்னு மனசுக்குள்ள திட்டியிருக்கேன். மன்னிச்சுக்குங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "பாப்பாவும் நல்லாக் கட்டும். அம்மாதான் கத்துக் கொடுத்தாங்க. பிரிச்சுப் பாத்தா ரொம்ப சந்தோஷப்படும்."

பிரித்துப் பார்த்தால்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு மேசை டிராயரிலிருந்து பெரிய கத்தரியை எடுத்தார். மானம் என்பது முழம்போட்டு விற்கிற துணி அல்ல. எழுபத்தொரு வருடம் கட்டிக் காத்ததை ஒரு நாயின் முதுகில் ஏற்றி ஊருக்கு வாசிக்கக் கொடுப்பதா? ஒட்ட வெட்டிவிடலாம். வெயில் காலம், உண்ணி பிடித்தது, ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். முடி வளர்ந்துவிடும்.

சீமாட்டியை மேசைமேல் வைத்தார். அதன் உடம்பில் முடியே தெரியவில்லை. தலை முதல் வால்வரை காகிதம். எண்ண முடியவில்லை. ஜன்னல் வழியே நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அறை முழுக்கச் சோப்பு மணம்.

முதல் கற்றையைப் பிடித்தார். வேரோடு வெட்டினார். பொட்டலம் தரையில் விழுந்து தானாகப் பிரிந்தது.

ஏழு. பென்சில் பிடிக்க முடியவில்லை. நான்

அத்தோடு நின்றிருந்தது. இதோடு முடிந்தது, மருத்துவரும் ஏழு மணி என்றுதான் எழுதினார், என்று மூச்சு விட்டார். அடுத்ததை வெட்டினார்.

ஏழேகால். கதவைத் திறந்தீர்கள். என்னை அல்ல, நாயைத்தான் முதலில் பார்த்தீர்கள்.

கை நின்றது.

எழுத்து மாறியிருந்தது. சாய்வு போய் நிமிர்ந்து, திடமாக, அவசரமே இல்லாமல் எழுதிய எழுத்து.

அடுத்தது. ஏழு இருபது. என் விரலிலிருந்து பென்சிலை எடுத்தீர்கள். இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது. எட்டு. படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்கிறீர்கள்.

வெட்ட வெட்ட விழுந்தன. ஒரு வாரம். ஒரு மாதம். உறவினரை நெகிழ வைத்தது. கேடயத்தைத் துடைத்து வைத்தது. வெட்டிய இடத்தில் தோல் தெரியவில்லை. அடியில் இன்னொரு பொட்டலம். அதன் அடியில் இன்னொன்று.

வெள்ளி. படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

சனி. சாப்பிடவில்லை.

ஞாயிறு. மூன்றரை. கத்தரி எடுத்தீர்கள்.

ஞாயிறு. மூன்று ஐம்பத்தெட்டு. வாசலில் கார்.

கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தெட்டு. வாசலில் கார் வந்து நின்றது.

கத்தரி கீழே விழுந்தது.

சீமாட்டி முகவாயை உயர்த்தியது. அதன் தாடையில் பொட்டலம் கட்டாத ஒரு கற்றை மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கற்றை அவர் கண்ணெதிரே பிரிந்தது. நேராக. வகிடு எடுத்தாற்போல். முடி தானாக மேலே எழும்பி நின்றது. டிராயர் திறந்தது. ஒரு காகிதத் துண்டு முடியின் அடியில் நுழைந்தது. மூன்றாக மடிந்தது. சுருண்டது. ரப்பர் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

நாய் வாலை ஆட்டியது.

"வா இங்க" என்றார். "சீமாட்டி. நான்தான். வா."

சீமாட்டி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேசையிலிருந்து குதித்து, சரசரவென்று, கூடத்தை நோக்கி ஓடியது.

வாசற்கதவைச் சமையலம்மா திறந்துவிட்டிருந்தாள். மகன் கையில் ஒரு குழந்தை. அவனுக்கு முன்னால், பதினோரு வருடத்துக்குப் பிறகு, அவள். சற்றுப் பருத்திருந்தாள். தரையில் அப்படியே உட்கார்ந்து நாயை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"அம்மா கட்டினது!" என்றாள். சிரித்தாள், அழுதாள். "டேய், பாருடா, அம்மா கட்டினதுடா இது. அவிழ்க்காமயே வச்சிருந்திருக்காரு."

"நேரம் எழுதியிருப்பாங்களே, பாரு" என்றான் மகன்.

அவள் ஒரு பொட்டலத்தின் ரப்பரை, முடி அறுபடாமல், பக்குவமாக உருவினாள். காகிதத்தைப் பிரித்தாள். படித்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அடுத்ததைப் பிரித்தாள். அதற்கடுத்ததை. மகன் குழந்தையைச் சமையலம்மாவிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினான்.

பெரியவர் பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். படிக்காதே. அப்பா சொல்கிறேன், படிக்காதே. வாயைத் திறந்தார்.

தாடைக்குக் கீழே இரண்டு விரல்கள் வந்தன.

குளிர்ந்த, ஈரமான விரல்கள். அவசரமில்லாமல் அவருடைய முகவாயைத் தாங்கி உயர்த்தின. வாய் மூடிக்கொண்டது.

கூடத்தில் மகள் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "ஆறு நாற்பத்தொன்று" என்றாள். "தச்சு வேலை..." அவள் குரல் உடைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மகனும் பார்த்தான். இருவருடைய பார்வையும் அவர் முகத்தில் தங்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே, பின்னால், உயர்ந்துகொண்டே போயிற்று.

இடது காதுக்கு மேல் எஞ்சியிருந்த நரைமுடியில் சீப்பின் பற்கள் இறங்கின. தோல்வரைக்கும். ஒரு வகிடு. இன்னொரு வகிடு. பிறகு சீப்பு நின்றது. காதோரத்தில், மிக அருகில், ஒரு பென்சில் காகிதத்தின்மேல் நேரத்தைக் குறிக்கத் தொடங்கியது.